வீட்டுத்தோட்டத் தக்காளி இனக்கலப்பும் விதைப் பொதிகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

எமது பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்வோர் பலர், நன்றாகக் காய்த்த தக்காளியின் விதையை எடுத்து அடுத்த போகத்துக்கு நாற்றுப் போட்டு, ஒரு செடியில் பெருங்காயும் இன்னொன்றில் சிறுகாயுமாக வருவதைக் கண்டு, வீட்டு விதை உதவாது என்று கைவிட்டுவிடுகின்றனர். தாய்ச்செடி கலப்பினமாக, அதாவது இரு வேறு இனங்களைக் கலந்து பெற்றதாக இருந்தால் அடுத்த தலைமுறை அவ்வாறு பிரிந்து வருவதே இயல்பு என்பதையும், புதிய இனங்கள் அந்தப் பிரிவிலிருந்தே தெரிந்தெடுக்கப்படுகின்றன என்பதையும் அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. உலகெங்கும் பரவிய 'மார்குளோப்' என்ற இனம், மார்வல், குளோப் ஆகிய இரண்டைக் கலந்து அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1925 இல் வெளியிட்டதாகும்.

இனக்கலப்பு செய்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தக்காளிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. மகரந்தத்தை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனியான குறியையும் அதைத் தாங்கும் தண்டான தம்பத்தையும் சுற்றி மகரந்தக்கூடுகள் கூம்பாக மூடியிருக்கும். ஆகவே, தன் மகரந்தம் குறியில் படுமுன்னரே, அல்லிகள் வெளிர்மஞ்சளாகி, மறுநாள் விரியவிருக்கும் மொட்டைத் தேர்ந்து, தம்பம் முறியாதபடி சாவணத்தால் அக்கூம்பை மெல்லக் கழற்றிவிட வேண்டும். தந்தையாகக் கொள்ளும் செடியின் விரிந்த பூவைக் கண்ணாடித் துண்டொன்றின் மேல் பிடித்துச் சுண்டினால் வெண்ணிறப் பொடி உதிரும். அதைக் குறியில் தொட்டுவைத்து, காம்பில் நிறநூல் கட்டி, இரண்டு புல்லிகளின் நுனியைக் கத்தரித்துவிட்டால், பழுத்த பின்னும் அந்தப் பழம் அடையாளம் தெரியும். பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டும்போது மகரந்தம் வலுவிழப்பதால், எமக்கு மார்கழி, தை மாதங்களே இதற்கு உகந்தவை.

கலப்பு வெற்றியா என்பதை நாற்றிலேயே காண ஒரு வழி உண்டு. சில தக்காளி இனங்களுக்கு, எமது கமக்காரர் நன்கறிந்த உருளைக்கிழங்குச் செடியின் இலைபோல, ஓரத்தில் பல்வெட்டில்லாத இலை இருக்கும். அது பின்னிடைவான இயல்பு; அதாவது வழக்கமான இலையுள்ள தூய இனத்தோடு கலந்தால் முதல் தலைமுறையில் வெளித்தெரியாது மறைந்துவிடும். அத்தகைய செடியைத் தாயாகவும் வழக்கமான இலையுள்ள தூய இனத்தை (விதையிலிருந்து தன்னைப் போன்றே செடி தரும் இனத்தை) தந்தையாகவும் வைத்தால், பல்வெட்டுள்ள இலையோடு முளைப்பவை மட்டுமே கலப்பில் பிறந்தவை. அதன்பின் 6 முதல் 8 தலைமுறை வரை விரும்பிய செடியையே தெரிந்து விதையெடுத்தால் இனம் நிலைபெறும். பொறுமை வேண்டும்; செலவு அநேகமாக இல்லை.

ஆனால் பெற்றோரில் ஒன்று கலப்பினமாக இருந்துவிட்டால் முதல் தலைமுறையே ஒருசீராக வராது. எதை எதனோடு கலந்தோம் என்ற கணக்கே குழம்பிவிடும். நான் விதை வாங்கிய கடையொன்றில், பொதியிலுள்ளது கலப்பினமா தூய இனமா என்று கேட்டபோது விற்பவருக்கே தெரியவில்லை. ஆகவே விதைப் பொதிகளில் இவ்விபரத்தைத் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும். பிரித்து நிறுத்து விற்கும் கடைகளிலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். 'திலின' என்ற தக்காளி போன்ற தூய இனங்களின் விதையை, வீட்டுத்தோட்டக்காரருக்குப் போதுமான சிறு பொதிகளாகக் கமநல சேவை நிலையங்கள் ஊடாக வழங்குமாறும், மாரி நாற்று நடுகைக்கு முன்னர் விவசாயப் போதனாசிரியர்களைக் கொண்டு இச்செய்முறையைக் கிராமங்களில் காட்டுமாறும் விவசாயத் திணைக்களத்தை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வீட்டுத்தோட்டச் செய்கையாளர்,
உரும்பிராய்.