பச்சை மாளிகை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குத் திட்டாதே. தைப்பிங்கில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். விட்டால்தானே அது செய்தி! மூட்டு வலியோடு ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து வைக்காதே.

போன ஞாயிறு பேத்தியோடு இங்கே பினாங்கு சர்ச் ஸ்திரீட்டில் அருங்காட்சியகமாக இருக்கிற பச்சை மாளிகைக்குப் போனேன். நாற்பது வருஷமாக அந்த வாசலைத் தாண்டி நடக்கிறேன், உள்ளே கால் வைத்தது இப்போதுதான். உள்ளூர்க்காரன் லட்சணம் அதுதானே.

வீட்டைக் கட்டிய சுங் கெங் குவீக்குப் பணம் வந்தது உங்கள் ஊர்ப் பக்கமிருந்துதான். ஹக்கா சீனர், லாருட் வட்டாரத்து ஈய லம்பங்களின், அதாவது ஈயச் சுரங்கங்களின் முதலாளி, ஹை சான் என்ற ரகசியச் சங்கத்தின் தலைவர். எதிர்க்கூட்டம் கீ ஹின். 1861-இல் லம்பத்துக்குப் போகும் வாய்க்கால் தண்ணீரில் தொடங்கிய சண்டை, விட்டு விட்டு 1874 வரை நடந்தது. நம் ஊர்க் கிராமங்களில் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வெட்டிக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்வாரே, அதேதான். இங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் வெள்ளைக்காரன் பங்கோர் தீவில் உட்காரவைத்து, சண்டையை மறுபடி தொடங்கினால் 50,000 டாலர் என்று இரு தரப்பிடமும் எழுதி வாங்கினான். அப்புறம்தான் உங்கள் ஊருக்குத் ‘தைப்பிங்’ என்ற பெயர். பேரமைதியாம்!

வேடிக்கையைக் கேள். 1890-இல் ரகசியச் சங்கங்களுக்குத் தடை வந்து கீ ஹின் கலைந்தது. சர்ச் ஸ்திரீட்டில் அவர்களுடைய தலைமையகம் இருந்த இடத்தை 1893-இல் குவீ வாங்கி, அங்கேயே தன் வீட்டை எழுப்பியிருக்கிறார். ஊரில் வேறு மனையே கிடைக்கவில்லையா என்ன? பக்கத்திலேயே குடும்பக் கோயிலும் கட்டி, அதில் ஆளுயர வெண்கலச் சிலையாக இன்றும் நிற்கிறார். அந்தச் சிலை முன்னால் நின்றபோது எனக்குக் கும்பிடவும் தோன்றவில்லை, கோபப்படவும் தோன்றவில்லை.

உள்ளே முற்றத்தில் வானம் தெரிகிறது. சுற்றிலும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்கள், காலடியில் இங்கிலாந்துப் பூ ஓடுகள். தங்க ரேக்கு ஒட்டிய மரத்தடுப்பு ஒன்றின் முன்னால் மட்டும் கால்மணி நேரம் நின்றேன். பூவும் பறவையுமாகச் செதுக்கி, பின்னால் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மரத்தைத் துளைத்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன், காவலாளி கனைத்தார்.

பீங்கானும் நகையுமாக மற்றதெல்லாம் பிற்பாடு சேகரித்து வைத்த பாபா நோன்யா சாமான்கள், அதாவது இங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்து மலாய்ப் பழக்கவழக்கம் கலந்துபோன சீனர்களுடைய சாமான்கள். அழகுதான், ஆனால் குவீ பாபா இல்லை. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் போனவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பேத்தி, “இவ்வளவு காசும் ஈயத்திலேயா தாத்தா?” என்றாள். ஈயம் பாதி. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கு வரி வசூலிக்கும் குத்தகையும் அவர் கையில் இருந்தது. லம்பத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றவனுக்குக் கொடுத்த கூலி, இரவில் அபின் குழாய் வழியாக முதலாளி கைக்கே திரும்பிவிடும். எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? “வேறு வியாபாரமும் இருந்ததம்மா” என்று நழுவிவிட்டேன்.

திரும்பும்போது ஆ குவீ தெருவுக்குப் போனோம். அவர் பெயர்தான். சுவரில் வரைந்த மோட்டார் சைக்கிள் ஓவியத்தோடு படமெடுக்க வரிசை நிற்கிறது. பெயர்ப் பலகையை யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பேத்தியும் வரிசையில் ஓடிப்போய் நின்றுகொண்டாள். நானும்தான், வேறென்ன செய்ய.

நீ நடக்கிற ஏரிகூட ஒரு காலத்தில் லம்பக் குட்டைதானே. அடுத்த தடவை போகும்போது, அந்தத் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்