கொழும்பின் அளவு எங்களுக்கு எதற்கு?

வளித் தரத்தை அளக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். செப்டெம்பர் 16 ஓசோன் தினத்துக்கான சுற்றறிக்கை இந்த வருடமும் எங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது. சித்திரப் போட்டி, கட்டுரைப் போட்டி, உறுதிமொழி. அதே கிழமைதான், மட்டக்களப்பில் ஓசோனை அளக்கச் சொல்லி நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் வந்தது: அங்கே ஓசோன் அளக்கும் வசதி இல்லை, கொழும்பு அளவுகளைப் பார்த்துக்கொள்ளவும். இரண்டையும் ஒரே பைலில் போட்டு வைத்திருக்கிறேன்.

மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோனைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அதைக் காக்க 1987இலேயே மொன்ட்ரியலில் உடன்பாடு கண்டாயிற்று, நல்லது. நாங்கள் கேட்பது மூச்சோடு உள்ளே போகிற ஓசோனை. வாகனப் புகையிலும் எரிக்கிற குப்பையிலும் வைக்கோலிலும் இருந்து கிளம்பும் வாயுக்கள் வெயில் பட்டு உண்டாக்குகிற ஓசோனை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை மட்டக்களப்பில் அளந்து சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

கொழும்பு அளவு ஏன் உதவாது என்பதும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்புக்குக் கடலிலிருந்து ஈரக் காற்று வருகிறது, முகிலும் மழையும். முகில் மறைத்தால் ஓசோன் உண்டாவது குறையும். சுத்தமான கடற்காற்றில், ஏற்கெனவே இருக்கிற ஓசோனையும் நீராவி அழிக்கும். அதே காற்று ஈரத்தை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்து, சூடேறி எங்கள் பக்கம் இறங்கும்போது அதற்குப் பெயர் கச்சான். வழியில் உள்ள நகரங்களின் புகையும் அதோடு சேர்ந்து வருவதற்கு யாரும் தடை போடவில்லை. இங்கே முகில் இல்லை, வெயில் கொளுத்துகிறது. அவர்களுக்கு மழைக்காலமான அதே மாதங்கள்தான் எங்களுக்குக் கடும் கோடை. அப்படியிருக்க அவர்களுடைய அளவு எப்படி எங்களுடையதாகும்?

தரம் 10இல் ஒரு பிள்ளைக்குத் தொய்வு இருக்கிறது. ஜூலை மாதம், பாடசாலை விட்டபின் எல்லே என்கிற பந்தடி விளையாட்டுப் பயிற்சி. வெயில் ஏறி ஓசோன் கூடுகிற பின்னேர நேரம் அது. மைதான வேலியோரம் வேம்புக்குக் கீழே குந்தியிருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்செடுக்கிறான். பம்பை இழுத்துவிட்டு நிமிர்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சேர், இனி விளையாடலாமா?" தாய் அவனுடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இழுப்பு வந்த திகதிகளைக் குறித்து வைத்திருக்கிறார். பல திகதிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் "கச்சான்" என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றுக்கு நான் கண்ட ஒரே பதிவேடு அதுதான்.

காரணம் ஓசோன்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தூசியாக இருக்கலாம், புகையாக இருக்கலாம். ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், எட்டு மணிநேரச் சராசரி ஒரு கனமீட்டர் வளியில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே தாண்டுகிறதா இல்லையா? அளந்தால்தானே தெரியும்.

கச்சானோடு முடிகிற கதையும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது வடக்கிலிருந்து குளிர்ந்த மாசுக் காற்று தீவுக்குள் வந்து, பாடசாலைகளை மூட நேர்ந்தது. குளிரில் எங்கள் பக்கத்து மாடுகள் வயலிலேயே செத்துக் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் துகள்களின் அளவு செய்தியில் வந்தது. ஓசோன் அளவு எங்கள் காதுக்கு எட்டவில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமழை வேறு; மின்னலே நைதரசன் ஒட்சைட்டை உண்டாக்கி முகில் உயரத்து வளியில் ஓசோனைக் கூட்டுகிறது. இப்படிக் காற்றுக்குக் காற்று மாறுகிற ஒன்றுக்கு, மேற்குக் கரையின் கணக்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

சித்திரப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் அந்தாட்டிக்காவின் ஓட்டையைக் கீறுகிறார்கள். சிலர் பென்குவினும் கீறுகிறார்கள், அழகாகவே இருக்கிறது. ஒரு விஷயம் தெரியுமா, மேல்வானத்து ஓசோன் அதிகம் உண்டாவது எங்களைப் போன்ற வெப்ப வலயத்தின் தலைக்கு மேலேதான். ஆனால் காற்றோட்டம் அதைத் துருவப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது, எங்களுக்கு மேலே படலம் மெல்லியதாகவே இருக்கும். எங்கள் நெல் பொலன்னறுவை ஆலைக்குப் போவதைப்போல. நெல்லுக்காவது விலை கேட்டுச் சண்டை பிடிக்கலாம். அந்த நெல்லையும் தரைமட்ட ஓசோன் பாதிக்கும் என்பது நிரூபணமானது. சிறுபோகம் விளைவது சரியாகக் கச்சான் மாதங்களில். ஆனால் விளைச்சல் குறைந்தால் உரத்தையும் விவசாயியையும்தான் குறை சொல்வீர்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: மட்டக்களப்பில் ஓசோன் அளக்கும் கருவி ஒன்றை வையுங்கள். ஒரு கிழமை வந்து அளந்துவிட்டுப் போகவேண்டாம்; கச்சான், வாடை, இடைப்பருவ இடிமழை எல்லாம் அடங்க வருடம் முழுக்க இருக்கட்டும். பின்னேர அளவை அன்றன்றே தமிழில் வெளியிடுங்கள், பயிற்சியை வைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க எங்களுக்கு அது போதும்.

எங்கள் விஞ்ஞான கூடத்துக்கு மேலே தட்டையான கூரை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, அளவு குறித்துத் தர உயர்தர மாணவர்கள் இருக்கிறார்கள். அதிபரிடம் பேசியாயிற்று. அடுத்த கச்சானுக்கு முன்னர், மே மாதம் பிறப்பதற்குள், ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்