சாலிகிராமம் முகவரிக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சியின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை இந்த வருடம் பரவாயில்லை, பின்வாசல் சுவர் மட்டும் ஊறி நிற்கிறது. பெரிய மாமா ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அம்மா உனக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய். முகவரி எழுத வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். நான் சோழிங்கநல்லூர் என்று எழுத ஆரம்பித்தேன். "இல்ல, இப்ப சாலிகிராமம்" என்றாள். வீடு மாறியிருக்கிறாளாம், அவ்வளவுதானாம். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாப்பா, சாலிகிராமம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் வடபழனியில் ஒரு கட்-அவுட் வேலைக்குப் போனபோது பதினோரு நாள் அங்கேதான் தங்கினேன். டப்பிங் தியேட்டரும் எடிட்டிங் அறையும் வாய்ப்புத் தேடி வந்தவர்கள் தங்கும் மாடி அறைகளுமாக இருக்கும். அங்கே வீடு பிடித்துக்கொண்டு சோழிங்கநல்லூர் கம்பெனிக்குத் தினமும் யாரும் போய்வர மாட்டார்கள். ஒன்றாம் தேதி வந்துகொண்டிருந்த பணம் இப்போது பன்னிரண்டாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று வருகிறது. போன தடவை வந்த குறுஞ்செய்தியில் நேரம் இரவு 2:40. அந்த நேரத்தில் தூங்காமல் என்ன செய்கிறாய்? ராத்திரி சாப்பிடுகிறாயா? இனிப் பணம் அனுப்ப வேண்டாம். ஜெராக்ஸ் கடை வருமானம் எங்களுக்குப் போதும்.

நாற்பது நாளாக என்னோடு நீ பேசவில்லை. அம்மாவிடம் பேசுகிறாய், தம்பியிடம் பேசுகிறாய். நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாய். நானும் கொடுத்துவிடுகிறேன்.

தம்பியைத் திட்டாதே. நான்தான் அவனைக் கேட்டுக்கேட்டு வாங்கினேன். நீ அவனுக்கு அனுப்பிய அந்தப் படத்தைக் காட்டினான். கரிசல் காடு, சாயங்காலம், தூரத்தில் ரயில் கேட், ஓரமாக ஒரு உடை மரமும் ஒரு பனையும். அனிமேஷனுக்காக வரைந்தது என்றான். இடத்தை நீ வரைவாயாம், ஆட்களை வேறொருவர் அசைப்பாராம். நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணின் நிழலில் நீ கருப்பு வைக்கவில்லை. ஊதாவும் நீலமும் கலந்து வைத்திருக்கிறாய். நிழலுக்குக் கருப்பு வைக்காதே என்று உனக்கு ஏழு வயதில் சொன்னது. கடையில் அன்றைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். பனையின் அடிமரம் மட்டும் கொஞ்சம் ஒல்லி. நம் பக்கத்துப் பனை அப்படி இருக்காது, அடுத்த தடவை பார்த்துக்கொள்.

இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு அதை என்னிடம் மறைக்க வேண்டுமா? அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடாதே. பாதிப் பணம் முதலில். "படம் ரிலீஸ் ஆனதும் தருகிறோம்" என்று ஒரு தியேட்டரில் சொன்னதை நம்பி மூன்று பேனர் வரைந்து கொடுத்துவிட்டு நான் பட்டபாடு உன் அம்மாவுக்குத் தெரியும். அப்புறம், எதையும் எழுதி வாங்கிக்கொள். நகல் எடுக்கக் கடைக்கு வருகிற வக்கீலிடம் கேட்டேன். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒரு படம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வரையச் சொன்னவருக்குத்தானாம். கம்பெனியில் சம்பளத்துக்கு வரைந்தாலும் அப்படியேதானாம். அதனால் எத்தனை இடத்தில் பயன்படுத்துவார்கள், உன் பெயர் போடுவார்களா, நீ அதை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்பதையெல்லாம் வரைவதற்கு முன்னால் கேட்டு எழுதி வாங்கு. வெளியே இருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பி.எஃப். கிடையாது. பில்லில் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்களாம். வருடா வருடம் ரிட்டர்ன் போட்டு, கூடப் பிடித்ததைத் திரும்ப வாங்கு. முன்பணத்தை மறக்காதே.

இந்த ஏஐ-யை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி போனில் செய்து காட்டினான். செண்பகவல்லி அம்மன் கோயில், காலை வெயில் என்று தமிழில் எழுதினான், அரை நிமிடத்தில் படம் வந்துவிட்டது. கோபுரம் நம் கோபுரம் இல்லைதான். ஆனால் வெளியூர்க்காரனுக்கு அது தெரியவா போகிறது? பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. முதல் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தபோதும் இதே மாதிரிதான் இருந்தது. அப்போதும் "முகம் உயிரோட்டமா இல்ல" என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். வேலை கொடுக்கிறவர்கள் அதைக் கேட்கவில்லை. காடாத் துணியில் கட்டம் போட்டு நாங்கள் நான்கு நாள் எடுத்ததை அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் என் கையில் வேலை இல்லை. 2023இல் அமெரிக்காவில் சினிமா, டி.வி. எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அதில் ஏஐ-க்கு வரம்பு வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கடைசியில் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. உனக்கு யார் இருக்கிறார்கள்? கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து இரு. தனியாக அறைக்குள் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருக்காதே.

கொண்டையராஜு கதையை உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். நாடகக் கம்பெனியோடு திரைச்சீலை வரைய வந்தவர். கம்பெனி நம் கோவில்பட்டியில் கலைந்துபோனது. அவர் இங்கேயே தங்கி ஸ்டூடியோ போட்டார், பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வீடு வீடாகப் போயின. அவர் 1976இல் இறந்தபோது எனக்கு 13 வயது. நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம் கற்றவர்களிடம் கற்றவரிடம். இதையெல்லாம் உனக்குச் சொன்னேன். ஆனால் கலைஞனுக்கு வந்த கஷ்டம் என்பதாகத்தான் எப்போதும் சொல்வேன், கம்பெனி கலைந்ததோடு நிறுத்திவிடுவேன். அவர் படித்தது எழும்பூர் ஓவியப் பள்ளியில் என்பதை ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை. 1850இல் தொடங்கிய பள்ளி. இப்போது அதற்குப் பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி.

நான் அந்தப் பெயரையே ஏன் எடுத்ததில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ பன்னிரண்டாவது முடித்த வருடம், சேர்க்கை அறிவிப்பு வந்த பேப்பரைத் தேடினாய். ஆச்சி முறுக்குக்கு விரித்துவிட்டாள் என்றேன். நான்தான் கிழித்து எடுத்து வைத்திருந்தேன். பிறகு நீ விசாரித்து வரச் சொன்னாய். விசாரித்துவிட்டேன், தேதி முடிந்துவிட்டது என்று சொன்னேன். முடியவில்லை பாப்பா. இன்னும் ஐந்து நாள் இருந்தது. நீ எதுவும் சொல்லாமல் மாடிக்குப் போனாய். அடுத்த வாரம் நாம் பொறியியல் கவுன்சிலிங்குக்கு மனு போட்டோம்.

பணம் இல்லாததால் செய்தேன் என்று சொல்ல முடியாது. அது அரசுக் கல்லூரி. பொறியியலுக்கு வாங்கிய கடன்தான் பெரிது, அதையும் நீயேதான் அடைத்தாய். நான் பயந்தது வேறொன்றுக்கு. நீ வரைய ஆரம்பித்தால், நான் ஏன் விட்டேன் என்று ஒருநாள் கேட்பாய். ஃப்ளெக்ஸ் வந்ததால் விட்டேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்புகிறீர்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரரே என் வீட்டுக்கு வந்து, "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணக் கத்துக்கிடுங்கண்ணே, சம்பளம் தாரேன்" என்று கூப்பிட்டார். பிரஷ் பிடித்த கை எலியைப் பிடிக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடியும் வந்தார், மறுபடியும் அதையே சொன்னேன். என்னோடு வரைந்தவர் நாற்பது வயதில் போய்க் கற்றுக்கொண்டார். அவர் இன்றைக்கும் சிவகாசியில் காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் டிசைன் செய்துகொண்டிருக்கிறார். நான் வீம்பில் உட்கார்ந்துவிட்டேன். என் வீம்பால் போனதை இந்தத் தொழிலின் தலைவிதி என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி, உன்னையும் பத்து வருடம் அலைய விட்டுவிட்டேன்.

தம்பி சொன்னான், நீ ஏஐ-யையும் கற்றுக்கொண்டிருக்கிறாயாம். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. பெரிய மாமா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ அதை நினைத்து ஊருக்கு வராமல் இருக்காதே. இதுவரை அவரிடம் நீ அதே கம்பெனியில்தான் இருக்கிறாய் என்று சொல்லி வந்தேன். அதுவும் நான் செய்த தப்புதான். இனிச் சொல்ல மாட்டேன்.

பார்சல் நாளைக்குக் கிளம்பும். பொடி டப்பாவுக்குக் கீழே என் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பேனருக்காக நான் கட்டம் போட்டுப் பழகியது, முகங்கள்தான் அதிகம். தேவைப்பட்டால் பார். கூரியர்காரர் கதவு எண் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்கிறார். அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. கடையை எட்டு மணிக்கு மூடிவிடுவேன். அதற்கு மேல் எந்த நேரமானாலும் என் போனுக்கே கூப்பிட்டுச் சொல், 2:40 ஆனாலும் பரவாயில்லை.

அப்பா