செயலாளர் ஆண்டறிக்கை: பூவுக்குக் காத்திருக்க வேண்டாம், தண்டையும் இலையையும் பாருங்கள்

சேலத்தில் செடி வளர்க்கும் நம் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் அறிக்கையைச் சுருக்கமாக வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடிப்பட்டத்துக்கு விதைப் பரிமாற்றம் நடந்தது, அவரையும் புடலையும் நிறைய வந்தன. மாடித்தோட்டப் பயிற்சி ஒன்று நடந்தது. ஏற்காடு தாவரவியல் பூங்காவுக்குப் போய் ஆர்க்கிட் செடிகளைப் பார்த்து வந்தோம்.

அடுத்து, தண்டையும் இலையையும் பார்த்துச் செடியை அடையாளம் காணும் வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் செயற்குழுவில் இதற்கு வந்த எதிர்ப்பு உங்களில் பலருக்குத் தெரியாது. "இதெல்லாம் சின்ன வகுப்புப் பாடம், பெரியவர்களுக்கு எதற்கு, அந்தப் பணத்துக்கு ரோஜா நாற்று வாங்கிக் கொடுக்கலாமே" என்றார்கள். நம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். தினமும் யாராவது ஒரு பூவின் படத்தைப் போட்டு "இது என்ன செடி?" என்று கேட்கிறார்கள். பூவை மட்டும் நெருங்கி எடுத்த படம், இலை எப்படி அமைந்திருக்கிறது, கணு எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. பல செடிகளில் பூ வருஷத்தில் சில வாரம்தான் இருக்கும், தண்டு எப்போதும் இருக்கிறது, இலையும் பெரும்பாலான மாதங்கள் கைக்கு எட்டுகிறது. அந்த இரண்டையும் ஒழுங்காகப் பார்த்தாலே பல செடிகளின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இதை உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் நாற்று மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் நாம் சங்கம் நடத்த வேண்டியதில்லை, நர்சரி போதும்.

முதல் வகுப்புக்குக் காப்பிக் கிளையை எடுத்துக்கொண்டேன். ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் கவாத்து செய்து போட்டிருந்த கிளைகளைக் கேட்டு வாங்கி வந்தோம். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை. அந்த இரண்டு காம்புக்கும் நடுவில், தண்டோடு ஒட்டிக்கொண்டு, முக்கோணமாக ஒரு சின்னச் செதில் இருக்கும். நுனிக் கணுவில் பச்சையாக இருக்கும், கீழே போகப்போகக் காய்ந்து பழுப்பாகிவிடும். எதிரிலை, ஓரத்தில் பல் இல்லாத தனி இலை, காம்புகளுக்கு இடையே செதில், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது காப்பிக் குடும்பமாக இருக்கவே அதிக வாய்ப்பு. வீட்டுக்குப் போய் இட்லிப்பூச் செடியில் பாருங்கள் என்றேன். அன்று இரவே மூன்று பேர் படம் அனுப்பினார்கள், பூவே இல்லாமல், கணுவை மட்டும் எடுத்த படம். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்.

ஆல், அரசு, பலா மூன்றிலும் குருத்தை மூடியிருக்கும் உறை விழுந்ததும் கணுவைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு நிற்கும், கிள்ளினால் பால் வரும். அரளியில் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்று இலை. மாமரத்தில் ஒரு கணுவுக்கு ஒன்றுதான், ஆனால் கிளை நுனியில் நெருக்கமாகக் கூடிவிடுவதால் கொத்தாகத் தெரியும்.

வில்வத்தை வைத்து ஒரு மாணவி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரே காம்பில் மூன்று இலை இருக்கிறதே, இதை ஒன்று என்று எண்ணுவதா மூன்று என்று எண்ணுவதா? காம்பு தண்டில் சேருகிற கக்கத்தில் மொட்டு இருக்கும், வில்வத்தில் அங்கே முள்ளும் இருக்கும். அந்த மூன்று சின்ன இலைகளின் அடியில் மொட்டு கிடையாது. ஆகவே மூன்றும் சேர்ந்து ஒரே கூட்டிலை, தனித்தனியாகப் பார்த்தால் சிற்றிலை. முருங்கைக்கும் இதே கணக்குத்தான். சமையலுக்கு நாம் உருவுவதெல்லாம் சிற்றிலை, முழங்கை நீளத்துக்கு வருகிற அந்தக் கொப்பு மொத்தமும் ஒரு இலை.

சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி மாவட்டத்தில் இருந்துகொண்டு மரவள்ளிக் கிழங்கை உருளைக்கிழங்கோடு ஒன்றாகச் சேர்ப்பது சரியில்லை. உருளைக்கிழங்கில் இருக்கும் கண்கள் மொட்டுகள், அது மண்ணுக்குள் பருத்த தண்டு. மஞ்சளும் இஞ்சியும் தண்டுதான், வளையம் வளையமாகக் கணு தெரியும். மரவள்ளிக் கிழங்கு வேர், அதில் கணுவும் இல்லை, கண்ணும் இல்லை. அதனால்தான் விவசாயி கிழங்கை நடாமல் குச்சியை வெட்டி நடுகிறார். வாழையில் வெளியே மரம் மாதிரி நிற்பது இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பது, அசல் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு, குலை தள்ளும்போது அந்தக் கிழங்கிலிருந்து நடுவாக மேலேறி வருவது.

வகைப்பாட்டுக்கு வந்தால், தொல்காப்பியம் மரபியலிலேயே வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்று பிரித்திருக்கிறது. பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓரம்தான் கெட்டி, நடுப்பகுதியை எடுத்து எறிந்துவிடுவார்கள். பனை, புல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களின் தண்டில் நீரும் உணவும் போகிற கற்றைகள் சிதறிக் கிடக்கும், பனையில் ஓரத்தில் நெருக்கம் அதிகம். மா, வேம்பு போன்ற இருவித்திலை மரங்களில் கற்றைகள் வளையமாக அமைந்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற அடுக்கு இருந்து வருஷா வருஷம் தண்டைப் பருக்க வைக்கும். பனையில் கேம்பியம் இல்லை. இலை நரம்பு இணையாகப் போனால் ஒருவித்திலை, வலையாகப் பின்னினால் இருவித்திலை என்று படித்ததை அப்படியே பிடித்துக்கொள்ளவும் கூடாது. பெருவள்ளிக்கிழங்குக் கொடி (சர்க்கரைவள்ளி அல்ல) ஒருவித்திலைதான், இலையில் வலைப்பின்னல் இருக்கும். இன்னொன்று, 1998இல் ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு வெளியிட்ட வகைப்பாட்டுக்குப் பிறகு இருவித்திலைத் தாவரம் என்ற ஒரே பெரும் பிரிவு கிடையாது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற மிளகும், நம் கரடுகளில் காய்க்கும் சீத்தாப்பழமும், செண்பகமும் தனியாகப் பிரிந்த பழைய கிளையைச் சேர்ந்தவை. சின்ன வகுப்புப் பாடம் என்று சொன்னவர்கள் இதற்காகவாவது ஒரு நாள் வந்திருக்கலாம். ஒருவரும் வரவில்லை.

மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்ததிலும் பேச்சு எழுந்தது. ஆணி அடித்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்றார்கள். பட்டைக்கு உள்பக்கம்தான் உணவு கீழே இறங்குகிறது, அங்கே காயம் செய்வது மரத்துக்கு நல்லதல்ல. கம்பியை இறுக்கிக் கட்டினாலும் மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே இறங்கும். அதனால் ஸ்பிரிங் வைத்து மாட்டினோம், செலவு கூடியது, அதற்கு நான்தான் பொறுப்பு, செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இப்போது சந்தா. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இன்னும் கட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கேட்கிற தொகை, ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற செலவுகூட வராது. கேட்டால் "அடுத்த கூட்டத்தில் தருகிறேன்" என்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வகுப்புக்காக வாங்கிய கைலென்ஸ்களில் சில திரும்பி வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எடுத்ததெல்லாம் அன்றன்றே வந்துவிட்டது, பெரியவர்கள் எடுத்துப் போனவைதான் பாக்கி.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைத்திருக்கிறார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டது, வகுப்புச் செலவில் ஒரு பகுதியை நன்கொடையாகச் சிலர் ஏற்றுக்கொண்டார்கள், கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. பார்க்க விரும்புகிறவர்கள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தலைவர் ஐயாவுக்கும், இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், கிளை கொடுத்த தோட்டத்துக்காரர்களுக்கும், டீ ஏற்பாடு செய்த தம்பிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை, உயரம் ஏற ஏற என்னென்ன செடி மாறுகிறது என்று கிளைகளைப் பதப்படுத்தி ஒரு உலர்தாவரத் தொகுப்பு தொடங்க ஆசை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் மலையில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? அதன் கிளையைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துச் சேர்க்கலாம். இதற்கு ஒரு இரும்பு அலமாரி, அட்டைகள், பழைய செய்தித்தாள், எல்லாவற்றையும்விட ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வரக்கூடிய நான்கைந்து பேர் வேண்டும். ஆள் சேர்ந்தால் செயலாளர் பொறுப்பில் இன்னொரு ஆண்டு தொடர எனக்குச் சம்மதம். சேராவிட்டால் வேறொருவர் எடுத்து நடத்தட்டும், நான் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். வர விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். சந்தா பாக்கியையும் அப்போதே கொடுத்துவிடுங்கள், லென்ஸ் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.