கால்சியம் அடிப்பது காய்க்கா, இலைக்கா? மா உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல் பகுதிகளில் மா விவசாயிகளைச் சேர்த்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு வணக்கம்.

உறுப்பினர்களுக்காக நீங்கள் மொத்தமாக வாங்கும் இடுபொருள்களில் கால்சியம் தெளிப்பும் ஒன்று. பழம் கெட்டிப்படும், கிடங்கில் கூடுதல் நாள் தாங்கும் என்று சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அறுவடை நெருங்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை, மரத்தின் உச்சியை நனைத்துவிட்டு வரும் வழக்கத்தால் காசுதான் கரைகிறது. அதை மாற்றச் சொல்லவே இந்த மடல்.

வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு ஏறி, நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போய்ச் சேரும். அந்தப் போட்டியில் இலை எப்போதும் காயை வென்றுவிடும். இலைக்குள் போனது திரும்பிக் காய்க்கு இறங்குவதும் இல்லை. ஆகவே தெளிப்பில் காயின் தோல்மேல் பட்ட துளிக்கு மட்டுமே கணக்கு. பிஞ்சுத் தோலில் மெழுகு மெல்லியது, நுண்துளைகள் வேலை செய்துகொண்டிருக்கும். காய் முற்ற முற்ற மெழுகு தடிக்கும். கடைசி வாரத்தில் அடித்ததில் பெரும்பகுதி வெள்ளைப் படிவாகத் தோலில் நின்று, பழங்களைத் தரம் பிரித்துக் கட்டும் பேக் ஹவுசில் கழுவும் தண்ணீரோடு போய்விடும்.

எனவே காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது முதல் தெளிப்பு. பிறகு 15 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு. கால்சியம் குளோரைடு நீரற்ற தூளாக லிட்டருக்கு 5 கிராம் போதும்; அதற்கு மேல் போனால் இளந்தளிரின் ஓரம் கருகும். வாங்கும்போது எந்த வடிவம் என்று கேளுங்கள். நீரற்ற தூளில் கால்சியம் 36 சதவீதம், நீரேறிய செதிலில் 27 சதவீதம்தான். முன்னதில் 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் என்றால், பின்னதில் 67 கிராம் வேண்டும். விலையை மூட்டைக்குப் பார்க்காமல் உள்ளே இருக்கும் கால்சியத்துக்குப் பாருங்கள். பளபளக்கும் பாட்டில்கள் பல அந்தக் கணக்கில் தோற்கும்.

மாலை நாலரைக்கு மேல் அடிப்பது நல்லது. பகல் வெயிலில் துளி காய்ந்து இலை தீயும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து இரவெல்லாம் நனைந்தே இருப்பதால் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். குழலைக் கிளைகளுக்கு உள்ளே நீட்டி, தொங்கும் காய்க்கொத்துகளை நனைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பிரேயரை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பித்தளைப் பாகங்களை உப்பு தின்றுவிடும்.

கூலி மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலப்பதுதான் பெரிய கோளாறு. பொட்டாசியம் சல்பேட்டோ மெக்னீசியம் சல்பேட்டோ சேர்ந்தால் டேங்குக்குள்ளேயே ஜிப்சம் உண்டாகி நாசில் அடைக்கும். 0-52-34 என்று மூட்டையில் எழுதி விற்கும் உரம் போன்ற பாஸ்பேட் உரங்களோடும் வண்டல் படிந்து இதே கதி. சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் நின்றால் அந்தக் கலவை வேண்டாம்.

கால்சியத்தை ஏற்றுவதைவிடத் தழைச்சத்தை (நைட்ரஜன்) அடக்குவது பல தோப்புகளில் அதிகப் பலன் தரும் என்பது எங்கள் கருத்து. ஃபுளோரிடாவின் மணல் நிலங்களில் கென்ட் மா ரகத்தின் மூக்குப் பகுதி, அதாவது பழத்தின் நுனி, கூழாகும் கோளாறை 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, தழைச்சத்து ஏற ஏறக் கோளாறும் ஏறியது. கால்சியம் மிகுந்த இடங்களில் குறைந்தது. காய் பெருக்கட்டும் என்று பிஞ்சு பிடித்த பிறகு யூரியா அடித்தால் பழம் பெருக்கும்தான். சதை தளரும், பழுத்தும் தோல் பச்சையாகவே நிற்கும், கரும்புள்ளி நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். கால்சியம் நைட்ரேட்டிலும் 15.5 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. கடைசித் தெளிப்புக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தெளிப்பால் ஆகாதவையும் உண்டு. 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்த காய் குளிரில் அடிபட்டுச் சாம்பல் திட்டு விழுந்து, சரியாகப் பழுக்காது. எந்தச் சத்தும் அதைக் காப்பாற்றாது. பூக்கும்போதே ஒட்டிக்கொண்டு தோலில் உறங்கும் கரும்புள்ளிப் பூஞ்சைக்குக் கால்சியம் மருந்தும் அல்ல. அல்போன்சா ரகத்தில் சதை பஞ்சுபோல் ஆகிவிடும் பஞ்சுத் திசுக் கோளாறில் முற்றவிட்டுப் பறிப்பதும் தரையிலிருந்து எழும் வெப்பமும் சேர்ந்து வினை செய்கின்றன. அங்கே மரத்தடியில் சருகு பரப்பும் மூடாக்கும் சற்று முன்கூட்டிய பறிப்பும் உதவும். நீலம் ரகத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஆப்பிளில் கால்சியம் குறைவுக்கும் தோலில் குழி விழுந்து சதை கசக்கும் கசப்புக் குழி நோய்க்கும் உள்ள தொடர்பு 1936-லேயே கனடாவில் வெளியானது. பழத்தின் சத்தை ஆய்வகத்தில் அளந்து, எந்தத் தோட்டத்துச் சரக்கு நெடுநாள் தாங்கும் என்று கிடங்குக்குப் போகுமுன் பிரிக்கும் முறை பிரிட்டனில் வேரூன்றியது. மாவில் பலன் அவ்வளவு சீராக இல்லை. ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறும். அதனால்தான் ஒவ்வொரு தோப்பிலும் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விடச் சொல்லுங்கள். இரண்டு வகைக் காயையும் ஒரே நாளில், ஒரே முற்றலில் பறித்து, தனித்தனி கிரேட்டில் 13 டிகிரியில் வைத்து, வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பழுக்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கெட்டித்தன்மை, மூக்குப் பகுதி, காம்படி அழுகல் ஆகிய மூன்றையும் தோப்பின் பெயரோடு பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த பருவத்துக்குக் கால்சியம் ஆர்டர் போடும் கூட்டத்தில் விற்பனையாளரின் துண்டறிக்கைக்குப் பதில் அந்தப் பதிவேட்டை மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
மா சாகுபடியிலும் பழச் சேமிப்பிலும் பணியாற்றுவோர்