பல்லைப் பிடுங்காததற்குக் காரணம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. "ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே, ஏன் அவதிப்படுகிறீர்கள்?" என்று நீ நேற்றுத் தொலைபேசியில் கேட்டபோது, பக்கத்தில் அம்மா இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன்.

எனக்கு வந்திருக்கும் மைலோமா இரத்தப் புற்றுநோய்தான் என்றாலும் அது அரிப்பது எலும்பை. அதனால்தான் நான்கு வாரத்துக்கு ஒருமுறை எனக்குச் சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்கிவைப்பதால் என் முதுகெலும்பு தாங்கி நிற்கிறது. ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு, பழைய எலும்பு கரைந்து புதியது வளர வேண்டும். மருந்து தடுப்பதோ அந்த வேலையையே. குழி மூடாமல், தாடையெலும்பு ஈறுக்கு வெளியே வெளுப்பாகத் தெரிந்துகொண்டு, சீழ் பிடித்து மாதக்கணக்கில் இழுத்துவிடக்கூடும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம், என் பல்லும் கீழ்வரிசையில்தான் இருக்கிறது. ஒரு மாதம் மருந்தை நிறுத்திப் பார்க்கலாமே என்பாய். ஏற்றியது எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும், கயல்.

முதல் முறை ஏற்றுவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவிட்டிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது பார்க்கும் பல் மருத்துவர், அந்தப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பியால் கட்டி, அழுக்கை மட்டும் எடுத்துவிட்டார். அதற்கும் முன்னால் இரத்தப் பரிசோதனை கேட்டார். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 62,000தான் இருந்தன, சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். காலையில் பிரஷ் நுனி இளஞ்சிவப்பாகும் காரணம் அப்போதுதான் புரிந்தது. குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷுக்கு மாறிவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பும் ஆப்பசோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து, நாளுக்கு ஐந்து முறை கொப்பளிக்கிறேன்.

ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சைக்கு, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களை உடலில் ஏற்றுவதற்கு முன், மெல்ஃபலான் என்ற வீரியமான புற்றுநோய் மருந்தைக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகிவிடும் என்கிறார்கள். அதைக் குறைக்க, மருந்து ஏறும் நேரம் முழுவதும் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டுமாம். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வாய்க்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும். ஐஸ் சப்பியதற்காக உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

கம்பி கட்டியது அம்மாவுக்குத் தெரியும், தாடையெலும்புச் சங்கதி தெரியாது. இனிமேல் பல்லைப் பற்றி என்னிடம் மட்டும் கேள்.

அன்புடன்,
அப்பா