மூலத்தைப் போலவே பாடினால்தான் மதிப்பெண்ணா? வடசென்னை இசைப் போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

பெரம்பூர், இராயபுரம், வியாசர்பாடி பகுதிகளில் கல்லூரி விழாக்களையும் தேவாலய இளைஞர் விழாக்களையும் ஒட்டி நடக்கும் மேற்கத்திய இசைப் போட்டிகளில், நான் மாணவர்களை அழைத்துச் சென்ற பல இடங்களில், மதிப்பெண் தாளில் 'மூலப் பாடலுக்கு நெருக்கம்' என்றொரு பிரிவு இருக்கக் கண்டேன். அந்தப் பிரிவை நீக்கிவிடுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் கிதார் கற்கத் தொடங்கியதும் முதலில் வாசிக்க ஆசைப்படும் பாடல்களுள் ஒன்றான 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாடலையே இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அப்பெயர் கொண்ட வீடு ஒன்றில் வாழ்வு சீரழிந்தவரின் புலம்பல் அது.

இப்பாடலுக்கு மூலம் என்று போட்டி மேடைகளில் கொள்ளப்படுவது, இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த அனிமல்ஸ் குழு 1964 மே மாதம் இலண்டனில் பதிவு செய்த வடிவம். ஏ மைனர் என்ற சுரக்கூட்டில் தொடங்கி ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து ஹில்டன் வேலன்டைன் மீட்டும் அர்பெஜியோ, ஆறு எண்ணிக்கையில் அலைபோல் ஏறி இறங்கும் சிக்ஸ்-எயிட் தாளம், நடுவில் ஆலன் பிரைஸின் ஆர்கன், தணிந்த குரலில் தொடங்கிக் கதறலில் போய் நிற்கும் எரிக் பர்டனின் பாட்டு ஆகியவை சேர்ந்து நாலரை நிமிடங்களுக்கு நம்மை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன. அந்த ஆண்டிலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடத்தைப் பிடித்தது. அதன் பெருமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்த அர்பெஜியோவை நானும் என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் வருகிறேன்.

ஆனால் அது மூலமன்று. அதுவே ஒரு கவர் வடிவம்தான், அதாவது முன்பே பிறர் பாடியதை எடுத்துப் பாடியதுதான். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி மக்களிடையே வாய்மொழியாக வழங்கி வந்த இப்பாடலை, இன்னார் எழுதினார் என்று எவராலும் சொல்ல முடிந்ததில்லை. 1933-இல் நாட்டுப்புறப் பாடகர் கிளாரன்ஸ் ஆஷ்லி இதை இசைத்தட்டுக்குப் பாடினார். அவர் இதைத் தம் தாத்தாவிடமிருந்து கற்றதாகக் கூறியிருக்கிறார். 1937-இல் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், கென்டக்கி மாநிலத்து மிடில்ஸ்பரோ ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். பிறகு அமெரிக்கப் பாடகர்களான ஜோன் பயஸ் 1960-இலும் பாப் டிலன் 1962-இலும் தத்தம் முதல் இசைத்தொகுப்புகளிலேயே இதைப் பாடி வெளியிட்டார்கள். டிலனின் வடிவமோ அவருடைய நண்பர் டேவ் வான் ரோங்க் அமைத்திருந்த கார்டுகளின், அதாவது சுரக்கூட்டுகளின், மீது நிற்பது. அனிமல்ஸ் குழுவினர் கையில் எடுக்கும்போது பாடல் இத்தனை வாய்களைக் கடந்து வந்திருந்தது.

இந்த வரலாற்றின் நடுவில் நடுவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிலனின் பதிவு வெளிவந்த பின், தாம் அமைத்த வடிவத்தைத் தாமே பாடும்போதெல்லாம் 'டிலனிடமிருந்து எடுத்தது' என்று பிறர் சொல்லக் கேட்டு, வான் ரோங்க் அதைப் பாடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அனிமல்ஸின் வெற்றிக்குப் பிறகு டிலனுக்கும் அதே கதி நேர்ந்தது. அவர் அக்குழுவைப் பார்த்துப் பாடுகிறார் என்றார்கள். கடைசியாக எது புகழ்பெற்றதோ அதையே மூலமென்று காது முடிவு செய்துவிடும்போது, முன்னால் பாடியவர்கள் பின்னால் வந்தவர்களின் நகலாகிவிடுகிறார்கள்.

இதே அநீதி நம் பகுதியிலும் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு போட்டியில் என் மாணவி இப்பாடலைப் பெண்ணின் கூற்றாகப் பாடினாள். சீரழிந்த ஏழைப் பையன்களைப் பற்றி அனிமல்ஸ் பாடும் இடத்தில் அவள் ஏழைப் பெண்ணைப் பற்றிப் பாடினாள். சூதாடியான தகப்பன் வரும் இடத்தில் சூதாடியான காதலன் வந்தான். வரிகளை மாற்றிவிட்டாள் என்று அவளுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. டிலனும் பயஸும் பாடியது அந்தப் பெண்ணின் கூற்றையே. பழைய வடிவத்தைத் தேடிப் படித்து, அதற்கு உண்மையாக நின்ற பிள்ளைக்குத்தான் மூலத்திலிருந்து விலகினாள் என்ற தண்டனை கிடைத்தது. தங்கை சென்று கெட்டுவிடக் கூடாதே என்று எச்சரிக்கும் வரி அவள் வாயில் வந்தபோது அரங்கம் அமைதியானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வரியை ஆண் குரலில் நான் எத்தனையோ முறை கேட்டிருந்தும் அந்தக் கனத்தை உணர்ந்ததில்லை.

அமெரிக்கப் பாடகி நினா சிமோன் இதை இரண்டு விதமாகப் பாடியிருப்பதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். 1962-இல் வெளியான, நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கப் பதிவில், இசைக்கருவிகள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்க, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல, சொற்களுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டுப் பாடுகிறார். 1967-இல் அவரே அதை விரைவாக, தேவாலயக் கூட்டுப்பாடலின் துள்ளலோடு பாடினார். மெட்டும் பாடகியும் மாறவில்லை, துயரம் மட்டும் வேறு. இவ்விரண்டில் எதற்கு 'நெருக்கம்' என்ற தலைப்பில் மதிப்பெண் இடுவீர்கள்? என்னைக் கேட்டால், அனிமல்ஸ் உட்பட நான் கேட்டுள்ள எல்லா வடிவங்களிலும் 1962-இன் அந்தப் பதிவே உயர்ந்தது என்பேன். அனிமல்ஸ் நமக்கு ஒரு கதையைச் சொல்கிறார்கள். நினாவோ கதைக்குள்ளிருந்து வெளியே வர முடியாதவராகப் பாடுகிறார்.

மாற்றிப் பாடியதெல்லாம் சிறந்தது என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஃப்ரிஜிட் பிங்க் குழு இதை நான்கு எண்ணிக்கை கொண்ட ஃபோர்-ஃபோர் தாளத்துக்கு மாற்றி, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கிதாரின் பேரிரைச்சலோடு வாசித்து 1970-இல் பெரும் வெற்றி கண்டது. கேட்கும்போது உடல் அதிர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இரைச்சலில் பாடலின் துயரம் எனக்கு எட்டவில்லை. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1980-இல் பாடியதில், பெண்ணின் கூற்றை மீட்டெடுத்த துணிவு இருக்கிறது. இசைக்கோவையின் பளபளப்பு அந்தத் துணிவை மறைத்துவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொன்றையும் எடைபோட அளவுகோல் நமக்கு இருக்கவே செய்கிறது: செய்த மாற்றம் பாடலின் பொருளிலிருந்து பிறந்ததா, பாடுகிறவருக்கு அது தேவைப்பட்டதா என்று பார்த்தாலே போதும். நெருக்கம் என்ற பிரிவு இல்லாவிட்டால் எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்கும் நடுவர்களுக்கு இதுவே என் மறுமொழி.

கானா பிறந்து வளர்ந்த மண்ணில் இதை வாதாடி விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடுகிறவர், பழகிய மெட்டை எடுத்துக்கொண்டு இறந்தவரின் பெயரையும் தெருவையும் தொழிலையும் அதில் சேர்த்துப் பாடுவதை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அவர் மூலத்திலிருந்து விலகிவிட்டார் என்று அங்கே யாரும் குறை சொல்வதில்லை. இறந்தவரைப் பற்றி ஒரு வரியும் வரவில்லையென்றால்தான் மனக்குறை. அந்தக் காதோடு வரும் நம் பிள்ளைகளிடம், மேடையில் ஏறியதும் எரிக் பர்டனின் இருமலைக்கூட மாறாமல் செய் என்று கேட்கலாமா?

எனவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். 'மூலப் பாடலுக்கு நெருக்கம்' என்ற பிரிவை நீக்கி, அந்த மதிப்பெண்களைப் பாடலின் அமைப்பை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு அளியுங்கள். யாருடைய வடிவத்தைப் பின்பற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்பதைப் பாடுவதற்கு முன் இரண்டு வாக்கியங்களில் சொல்லும்படி போட்டியாளர்களைக் கேளுங்கள். அனிமல்ஸின் இசைத்தட்டில் பாடலின் இசைவடிவத்தை அமைத்தவர் என்று ஆலன் பிரைஸின் பெயர் மட்டும் அச்சாகி, உரிமைத்தொகையும் அவருக்கே போய், மற்ற நால்வருக்கும் தீராத மனக்கசப்பாக நின்றதை எண்ணிப் பார்த்தால், யாரிடமிருந்து பெற்றோம் என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இளம் வயதிலேயே வருவது நல்லது. கிதார், கீபோர்டு, டிரம்ஸ் மட்டுமே மேடையேறலாம் என்று சில போட்டிகளில் உள்ள கட்டுப்பாட்டையும் தளர்த்தி, சட்டியும் டோலக்கும் கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள்.

அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கான விதிமுறைகள் அச்சுக்குப் போவதற்கு முன் இவற்றைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவிக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருமாறு கேட்கவில்லை. அவள் இந்த ஆண்டும் அதே பாடலை அதே வரிகளோடு பாடப் பெயர் கொடுக்கவிருக்கிறாள்.

இப்படிக்கு,
பெரம்பூரில் கிதார் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்